தோட்டப்புறத்திலிருந்து கலைக்கூடத்துக்கு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில், செம்பனைத் தோட்டத்திலோ பக்கத்துத் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் பெற்றோருக்குப் பிறந்து, ஓவியத்தையோ சிற்பத்தையோ தொழிலாக்கிக்கொள்ளலாமா என்று எண்ணத் தொடங்கியிருக்கும் இளையோருக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. வரையக் கற்றுக்கொடுப்பது இதன் நோக்கமன்று. நன்றாக வரையத் தெரிந்த பின்னும் கலை உலகின் கதவு ஏன் சிலருக்கு மட்டும் எளிதாகத் திறக்கிறது, மற்றவர்கள் அதைத் திறக்க எதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதே இங்குப் பேசப்படுகிறது.

திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது என்று பள்ளி மேடைகளில் சொல்வார்கள். ஆனால் பிரிட்டனின் படைப்புத் தொழில்களைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இசை, நிகழ்த்துகலை, காட்சிக்கலை ஆகிய துறைகளில் பணிபுரிவோரில் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே என்று கண்டது. சம்பளமில்லாமல் வேலை செய்வது அத்துறைகளில் பரவலாக இருப்பதையும், நல்ல வருமானம் பெற்று மேலே இருப்பவர்களே 'எல்லாம் திறமையால் கிடைத்தது' என்று மிக உறுதியாக நம்புவதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. தேசிய அருங்காட்சியகங்களுக்குள் கட்டணமின்றி நுழையக்கூடிய ஒரு நாட்டிலேயே இதுதான் நிலை.

வசதியான வீடு தன் பிள்ளைக்குக் கொடுப்பவற்றுள் உயர்ந்த ரகச் சாயமும் தூரிகையும் மிகச் சிறிய பங்கு. ஓவியம் விற்காத மூன்று நான்கு ஆண்டுகளைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை, வீட்டுக்கு வந்து போகும் வழக்கறிஞர், மருத்துவர், கட்டடக் கலைஞர் ஆகியோரிடையே தானாகக் கிடைக்கும் முதல் வாடிக்கையாளர்கள், கண்காட்சித் திறப்பு விழாவில் கூச்சமின்றி நின்று பேசும் பழக்கம், தன் படைப்புக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும்போது நா தடுமாறாமை ஆகியவை அந்த வீட்டின் பெரிய கொடைகள். இவை எதுவும் பிறவிக்குணமல்ல என்பதால், கிடைக்காதவர்கள் ஒவ்வொன்றையும் வேறு வழியில் ஈடுகட்ட முடியும்.

முதல் படி: வீட்டில் பேசுங்கள், கணக்கோடு

"படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று அப்பா கேட்டால் அதை இழிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கலை உலகில் யாரும் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி அது. 2025-இலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த அளவில் சம்பளம் வாங்கும் வீட்டில், மூத்த பிள்ளை சம்பாதிக்காத ஒவ்வொரு மாதமும் தம்பி தங்கையின் பேருந்துக் கட்டணத்திலும் புத்தகத்திலும் கைவைக்கும். ஆகவே 'நான் ஓவியர் ஆகப் போகிறேன்' என்று அறிவித்துவிட்டு அறைக்குள் போவதைவிட, எந்த வேலையில் எவ்வளவு வரும், அதில் வீட்டுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, இந்த ஏற்பாடு எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒரு தாளில் எழுதி அம்மா அப்பாவின் முன் வைப்பது பலன் தரும். கடன் வாங்கிச் சாயம் வாங்கும் திட்டம் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. சிறுதொழில் கடன்கள் மாதந்தோறும் வருமானம் வரும் தொழிலுக்கு உரியவை. ஓவியம் விற்கும் மாதத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

மலேசியக் கலை உலகில் வர்க்கம் தனியாக நிற்பதில்லை; இனமும் அதனுடன் பின்னிக் கிடக்கிறது. நாட்டில் அதிக ஓவியர்களை உருவாக்கிய கலைப்பள்ளி, 1967-இல் தொடங்கி இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருப்பது. பூமிபுத்ரா (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) அல்லாதோர் அதில் இளங்கலை மாணவராகச் சேர முடியாது. இதைக் குறைசொல்லிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பதும் தவறு, இது ஒரு தடையே இல்லை என்று நடிப்பதும் தவறு.

எஞ்சியிருக்கும் வழிகளும் குறைவல்ல. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி, கோலாலம்பூரில் தேசியக் கலை கலாசாரப் பாரம்பரியக் கழகமான அஸ்வாரா, தஞ்சோங் மாலிமில் ஆசிரியப் பயிற்சியோடு கலைக்கல்வியும் தரும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவை அரசுக் கட்டணத்தில் படிக்கக்கூடியவை. தனியாரில், 1967-இலேயே தொடங்கப்பட்ட மலேசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆர்ட் பழமையானது. தனியார் கல்லூரியில் சேர்வதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட படிப்பு, உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் பெற்றதா என்று அதன் இணையப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு, அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் காட்சிக்கலைக் கல்வியைப் பாடமாக எடுக்க உங்கள் பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால், நான்காம் படிவத்தின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் கேட்பது காலம் கடந்தது.

ஆசிரியர் வேலையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அது கலைஞனைக் கொன்றுவிடும் என்ற பேச்சை, மாதச் சம்பளம் தேவைப்படாதவர்களின் வாயிலிருந்துதான் அதிகம் கேட்கிறோம். மலேசிய நவீன ஓவியத்தின் முதல் தலைமுறையில் பெயர் பெற்ற பலர் பள்ளியிலோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலோ கற்பித்துக்கொண்டே வரைந்தவர்கள். பள்ளி விடுமுறை, மாதச் சம்பளம், மதியத்துக்குப் பின் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல உதவித்தொகை இல்லை.

மூன்றாம் படி: ஏற்கெனவே செய்வதைக் கணக்கில் சேருங்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் கலைப்பயிற்சி இல்லை என்பது உண்மையன்று. தைப்பூசத்துக்குக் காவடி கட்டும் பட்டறையில் ஒரு பருவம் உதவியவனுக்கு எடை எங்கே விழும், கம்பியை எங்கே வளைக்க வேண்டும், இரவு விளக்கில் எந்த வண்ணம் எடுபடும் என்பது தெரியும். கோபுரத்துக்கும் சாமி சிலைக்கும் வர்ணம் தீட்டியவன், கடைப் பெயர்ப்பலகை எழுதியவன், மணவறை அலங்காரம் செய்தவள், பள்ளிச் சுவரில் படம் வரைந்தவள் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கூட்டமே இருக்கிறது. கலைக்கூடங்கள் இவற்றைக் 'கைவேலை' என்று ஒதுக்கிவைப்பது பழைய வழக்கம். எது கலை, எது கைவேலை என்று பிரிக்கும் அந்தக் கோடு, பெரும்பாலும் யார் வாங்குகிறார் என்பதைப் பார்த்தே போடப்படுகிறது.

அந்தக் கோடு நகரக்கூடியது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பினாங்கில் வாழ்ந்த சுவா தியென் தெங், துணிக்கு மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் முறையை 1950களில் ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். கைலியில் இருந்தவரை கைத்தொழிலாகப் பார்க்கப்பட்ட ஒரு நுட்பம், சட்டகத்துக்குள் வந்ததும் நாட்டின் அடையாள ஓவியமானது. சென்னைக்கு வெளியே 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பாத்தேக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே நிலத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் வழி தேடினார்கள். பிழைப்புக்குச் செய்த வேலையை மறைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

எனவே நீங்கள் செய்த காவடியையும் மணவறையையும், அவை பிரிக்கப்படுவதற்கு முன் ஒழுங்காகப் படமெடுத்து வையுங்கள். செய்யும்போதே வரைபடம், கம்பிக்கூடு, அரைகுறை நிலை, முடிந்த நிலை என்று எடுத்தால், பின்னால் ஒரு தேர்வுக் குழுவின் முன் உங்கள் சிந்தனை எப்படி வளர்ந்தது என்பதைக் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அளவு, பொருள்கள், ஆண்டு, உங்களோடு வேலை செய்தவர்கள் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள்.

நான்காம் படி: பார்க்கவும் நிற்கவும் பழகுங்கள்

சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் நிற்கிறது. முன்கூட்டியே பயணச்சீட்டு எடுத்து, காலையில் புறப்பட்டுக் கோலாலம்பூரில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பிவிடலாம். 1958-இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த தேசியக் கலைக்கூடம் இப்போது தித்திவங்சா நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவுக்கு அருகில் இருக்கிறது. ஜாலான் பிஞ்சாயிலுள்ள இல்ஹாம் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வடக்கே போக வசதியுள்ளவர்களுக்கு ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போவும், பினாங்கு மாநிலக் கலைக்கூடமும் உண்டு. தனியார் கலைக்கூடங்கள் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வரவேற்பு மேசையுமாக இருப்பதால், எதையாவது வாங்கினால்தான் உள்ளே போகலாம் என்று நம்மவர்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. உள்ளே போய், பார்த்து, விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வரலாம்.

விலைப்பட்டியல் ஒரு பாடநூல். எந்த அளவுக்கு, எந்தச் சாயத்துக்கு, எத்தனை கண்காட்சி வைத்தவருக்கு என்ன விலை என்பதைக் குறித்துக்கொண்டே வந்தால், ஓராண்டில் உங்களுக்கே ஒரு கணிப்பு வந்துவிடும். பெயர் அட்டையின் அருகே ஒட்டிய சிவப்புப் புள்ளி அந்தப் படைப்பு விற்றுவிட்டதைக் குறிக்கும்.

திறப்பு விழாக்களுக்கும் போங்கள். பெரும்பாலானவை யாரும் வரலாம் என்று அறிவிக்கப்படுபவைதாம். அங்கே ஏற்படும் சங்கடத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்களாக, ஆங்கிலத்தில் வேகமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நாம் குளிர்பானத்தைப் பிடித்தபடி ஒரே ஓவியத்தை அரைமணி நேரம் பார்ப்போம். இதற்கு ஒரு வழி உண்டு. கண்காட்சி வைத்திருக்கும் ஓவியரிடம் செய்முறையைப் பற்றி ஒரே ஒரு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பரப்பை எப்படி வரவழைத்தீர்கள், எத்தனை அடுக்குச் சாயம், என்ன துணி? புகழுரை கேட்டுக் களைத்தவர்கள் இத்தகைய கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள், மலாயில் கேட்டாலும் சொல்வார்கள். பிறகு உங்கள் பெயர், ஊர், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அன்றே கைப்பேசியைத் திறந்து உங்கள் படங்களைக் காட்டத் தொடங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: நாலு பேரைச் சேருங்கள்

கலைக்கல்லூரி தருவதில் பாதி, உடன் படித்தவர்கள். 1989-இல் மாத்தாஹாத்தி என்ற குழுவை அமைத்த ஐந்து பேரும் ஒரே கலைப்பள்ளியில் படித்த நண்பர்கள். தனித்தனியே பெயர் பெறுவதற்கு முன்பே சேர்ந்து கண்காட்சி வைத்து, பிற்காலத்தில் இளம் ஓவியர்களுக்குத் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பையும் தாங்களே உருவாக்கினார்கள். அதற்கும் முன், பீட்டர் ஹாரிஸ் 1952-இல் கோலாலம்பூரில் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழு, வாரம் ஒருமுறை கூடி வரைவது என்ற எளிய ஏற்பாட்டிலிருந்தே நாட்டின் முக்கியமான சில ஓவியர்களை வளர்த்தது.

சுங்கை சிப்புட், கோல கங்சார், ஈப்போ ஆகிய ஊர்களிலிருந்து நான்கு பேர் சேர்ந்தாலே போதும். ஒருவர் தமிழ்ப்பள்ளி மண்டபத்தைக் கேட்டு வாங்கலாம், ஒருவரிடம் கார் இருக்கும், ஒருவருக்கு நல்ல மலாய் வரும், ஒருவர் மொத்தமாகத் துணியும் சாயமும் வாங்கிப் பங்கிடலாம். மாதம் ஒருமுறை ஒருவர் வேலையை ஒருவர் பார்த்து, 'நல்லா இருக்கு' என்ற சொல்லைத் தவிர்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் விதியாக்குங்கள். மலாய், சீன நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் மட்டுமே இருக்கும் குழுவுக்குச் செய்தி வந்து சேர நாளாகும்.

ஆறாம் படி: தொகுப்பு, குறிப்பு, விண்ணப்பம்

பத்துப் பன்னிரண்டு படைப்புகளுக்கு மேல் தொகுப்பில் வேண்டாம். ஓவியத்தை நிழலுள்ள இடத்தில் காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கேமராவைப் படத்துக்கு நேர் எதிரே பிடித்து எடுங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், தலைப்பு, ஆண்டு இருக்கட்டும். அளவை உயரம், அகலம் என்ற வரிசையில் சென்டிமீட்டரில் எழுதுங்கள்.

படைப்பைப் பற்றிக் கேட்கப்படும் சிறு குறிப்புதான் பலரை மடக்குகிறது. ஆங்கிலத்தில் பெரிய சொற்களை அடுக்கிய மாதிரிகளைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். முதலில் தமிழில், என்ன செய்தேன், எதைக் கொண்டு செய்தேன், ஏன் இது என்னை விடவில்லை என்று பத்து வாக்கியம் எழுதி, அதை நீங்களே மலாயில் எழுதுங்கள். அரசு அமைப்புகளுக்கு மலாய் போதும். ஆங்கிலம் தேவைப்படும்போது மொழி ஆசிரியர் ஒருவரிடம் திருத்தம் கேட்கலாம்.

விண்ணப்பிக்க வேண்டியவற்றுள் தேசியக் கலைக்கூடம் 1974-இலிருந்து நடத்திவரும் பாக்காட் மூடா செசாமான் இளங்கலைஞர் போட்டி முதன்மையானது. யூ.ஓ.பி. வங்கியின் ஆண்டு ஓவியப் போட்டியில், வளரும் ஓவியர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. 2017-இல் அமைக்கப்பட்ட கலாசாரப் பொருளாதார மேம்பாட்டு அமைப்பான செண்டானா அவ்வப்போது மானியங்களை அறிவிக்கிறது. சிலாங்கூர், குவாங்கிலுள்ள ரிம்புன் டஹான் 1994-இலிருந்து ஓவியர்களைத் தங்கவைத்துப் பணியாற்ற இடம் தருகிறது. வாடகையில்லாத ஒரு வேலை அறை எவ்வளவு பெரிய செல்வம் என்பது, சகோதரர் இருவரோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். மாறாக, 'உங்கள் படைப்பைத் தேர்ந்தெடுத்துள்ளோம், கண்காட்சிக் கட்டணமாக இவ்வளவு அனுப்புங்கள்' என்று வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். அவர்கள் வருமானம் ஓவியரிடமிருந்து வருவது, வாங்குபவரிடமிருந்து அல்ல.

பெரிய ஓவியங்களுக்குப் போட்டியில் ஒரு சாதகம் இருப்பது உண்மை. ஆனால் லாரிக்கு வாடகை கொடுக்க முடியாதவர்கள் பெரிய ஓவியத்தை இரண்டு மூன்று பலகைகளாகப் பிரித்து வரைந்தால் ஒரு மைவி காரின் பின்னிருக்கையை மடக்கி ஏற்றிவிடலாம். துணியைச் சுருட்டிக் கொண்டுபோவதாக இருந்தால் சாயமுள்ள பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயின்மேல் சுற்ற வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைக்கும் துணியிலும் தாளிலும் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சுவரிலும் தரையிலும் படாமல் காற்றோட்டமாக அடுக்குங்கள்.

ஏழாம் படி: தோட்டத்தை எப்படி வரைவது

உங்கள் பின்னணி தெரிந்ததும் சிலர் உங்களிடம் ஒரே வகைப் படத்தை எதிர்பார்ப்பார்கள்: ரப்பர்ப் பால்வாளி தூக்கிய பாட்டி, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) வாசலில் அழுக்குச் சட்டைச் சிறுவன், இருட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. வாங்குபவரின் வரவேற்பறையில் அது அழகாகத் தொங்கும். வாங்கியவருக்கு ஒரு கருணையுணர்வும் கிடைக்கும். தோட்டத்தை வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பல குடும்பங்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறி அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்ப் பல ஆண்டுகளான பின்னும், இன்றைய பிள்ளை தான் பார்த்தறியாத பால்மரக்காட்டை மட்டுமே வரைவது, பிறர் வைத்திருக்கும் படத்தைத் திருப்பிக் கொடுப்பதாகும். அடுக்குமாடியின் மின்தூக்கி, மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்லும் அண்ணன், இரவுப்பணி முடித்து வரும் அக்கா, காவடியின் கம்பிக்கூடு ஆகியவையும் தோட்டப்புறத்தின் வாழ்க்கைதான். வர்க்கத்தோடு தொடர்பே இல்லாத ஒன்றை, வெறும் வண்ணத்தை, வரையவும் உங்களுக்கு உரிமை உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளையிடம் யாரும் அவன் வீட்டுக் கதையைக் கேட்பதில்லை.

ஒரு சோதனை: அந்தப் படத்தில் இருப்பவரை அழைத்து வந்து அதன் முன் நிறுத்தினால் அவர் என்ன சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள்.

எட்டாம் படி: விலை, ஒப்பந்தம், உரிமை

கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பெரும்பாலும் 40 முதல் 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும். 1,200 ரிங்கிட்டுக்கு விற்ற ஓவியத்தில் பாதி போனால் 600. அதில் துணி, சாயம், சட்டகம், வண்டிக்கூலி என்று 300 கழிந்தால், உங்கள் உழைப்புக்கு 300. இந்தக் கணக்கைப் போடாமல் 'முதல் விற்பனை' என்ற மகிழ்ச்சியில் விலை சொல்லிவிடாதீர்கள். கலைக்கூடத்தில் ஒரு விலை, ஊரில் தெரிந்தவருக்குப் பாதி விலை என்றும் விற்காதீர்கள். செய்தி போய்ச் சேர்ந்தால் கலைக்கூடமும் போய்விடும், முன்பு வாங்கியவரும் வருந்துவார். மாமா, சித்தப்பாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் சிறு தாளில் ஒன்றை வரைந்து அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் படைப்பின் உரிமை உங்கள் வாழ்நாளுக்கும் அதன்பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆனால் பிறர் கேட்டு, அவருக்காக நீங்கள் செய்து கொடுத்த வேலையில், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த உரிமை கேட்டவருக்கே போய்விடும். உணவகத்துச் சுவரில் நீங்கள் வரைந்த படம் நாளை சட்டையிலும் குவளையிலும் அச்சாகி விற்கப்பட்டால் கேட்க வழி இருக்காது. எனவே சுவரோவியமோ சின்னமோ எதுவானாலும், முன்பணம் வாங்கும் முன்பே, 'பதிப்புரிமை ஓவியருக்கே உரியது. இந்தச் சுவரில் காட்சிப்படுத்த மட்டும் அனுமதி' என்று இரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாமாதான், கோயில் தலைவர்தான் என்று தயங்கினால் வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி அவரிடமிருந்து 'சரி' என்று பதில் பெற்றுவிடுங்கள்.

கலைக்கூடத்தில் படைப்புகளை ஒப்படைக்கும்போது எத்தனை படைப்பு, என்ன விலை, எத்தனை மாதம், விற்றபின் எத்தனை நாளில் பணம், தள்ளுபடி கொடுத்தால் அதை யார் ஏற்பது, வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்ற ஆறும் எழுத்தில் இருக்க வேண்டும். விற்காத ஓவியங்களைத் திரும்ப எடுக்கும் நாளில், பின்புறத்தையும் சட்டகத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். சேதம் ஏதேனும் இருந்தால் அங்கேயே எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.